ஓல்டனில் புளித்த ரசம்

விமானத்தில் சிவப்பு வைன் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். வயிற்றுக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள் என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னதை நினைத்துக்கொண்டுதான் குடித்தேன். இரண்டாவது குட்டிப் போத்தலைக் கேட்டபோது தீமோத்தேயு நினைவில் இல்லை. சூரிச்சில் இறங்குமுன் இரண்டு ஏலக்காயை வாயில் போட்டு மென்றேன். என்னை அழைத்துப்போக வந்திருந்தவன் என் தங்கையின் மகன் சீலன். மதுவைத் தொடாத ஒரு தமிழ்ச் சபைக்கு அவன் மூப்பன். அந்தச் சபையில் மதுவுக்கு எதிராகப் பேசுவதற்குத்தான் எனக்கு டிக்கெட் அனுப்பியிருந்தான்.

ஆதிச் சபையிலும் இந்த வாசனைப் பயம் இருந்தது. கிறிஸ்தவர்களைப் பிடித்து அடைத்த காலத்தில், விடியற்காலைத் திருவிருந்துப் பந்தியில் வைன் குடித்தால் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்று சிலர் கிண்ணத்தில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்கள். வட ஆபிரிக்காவில் ஓர் ஆயர் அவர்களைத் திட்டித் தீர்த்தார். கர்த்தருடைய இரத்தத்தைக் குடிக்கக் கூச்சப்படுகிறவன் அவருக்காகத் தன் இரத்தத்தைச் சிந்துவானா என்று கேட்டார். அவர்களாவது உயிருக்குப் பயந்தார்கள். நான் மருமகனுக்குப் பயந்தேன்.

என்னைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இறையியல் மாணவர்களுக்குப் பல வருடங்கள் கிரேக்கம் படிப்பித்தவன் நான். வகுப்பில் 'ஒயினோஸ்' என்றால் மது என்பேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் அதே சொல்லைத் திராட்சரசம் என்பேன். இதற்கு நான் கூச்சப்பட்டதில்லை, ஏனென்றால் வழி காட்டியவர்கள் எங்கள் பழைய மொழிபெயர்ப்பாளர்கள். அந்த ஒரே கிரேக்கச் சொல் நல்ல இடத்தில் வந்தால் அவர்களுக்கு ரசம், கெட்ட இடத்தில் வந்தால் மதுபானம். கானாவூர்க் கல்யாணத்தில் ரசம். எபேசு பட்டணத்தார் வெறித்தால் மதுபானம். பெந்தெகொஸ்தே நாளில் சீடர்களைப் பரிகாசம் செய்தவர்கள் சொன்ன சொல்தான் உள்ளவற்றில் ஆக இனிப்பானது. புதுச் சாறு, தித்திப்பு என்று பொருள். அதைப் போய் மதுபானமாக்கிவிட்டார்கள். தண்ணீரை ரசமாக்கிய கர்த்தர் உலகத்தில் எங்களுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார். கேட்கிறவனுக்கு மிளகும் சீரகமும் நினைவுக்கு வராமல் இருந்தால் சரி.

சூரிச்சிலிருந்து சீலன் வசிக்கும் ஓல்டனுக்கு ரயில். இரண்டு நிமிடம் பிந்தியதற்கு ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் ஊரில் ரயில் வந்து சேர்ந்தால் நாங்கள்தான் நன்றி சொல்வோம். எதிரே இருந்த இரண்டு பெண்கள் அந்தப் பிந்தலைப் பற்றி ஒரு மரணத்தைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். சீலன் காதுக்குள் மொழிபெயர்த்தான். "இப்பிடியே போனால் நாடு எங்க போய் நிக்கும் எண்டு கேக்கினம், மாமா."

வீட்டில் சீலனின் மனைவி மலர் புட்டும் ஆட்டுக்கறியும் வைத்திருந்தாள். சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸ தெருவில் உள்ள தமிழ்க் கடையில் வாங்கின அரிசிமா என்றாள். சாப்பிட்டு முடிந்து கை கழுவுமுன்னே சீலன் விடயத்துக்கு வந்தான்.

"மாமா, பிள்ளையை நீங்கள்தான் திருத்த வேணும்."

பிள்ளை என்பது அவர்களுடைய மகள் எஸ்தர். இங்கேயே பிறந்தவள். வைன் செய்வதைப் படிப்பாகப் படித்து, ஷாஃப்ஹவுசனுக்குப் பக்கத்தில் ஹலாவ் என்ற கிராமத்தில் ஒரு வைன் பண்ணையில் நிலவறைப் பொறுப்பாளராக இருக்கிறாள். சபையில் கீபோர்ட் வாசிப்பவளும் அவள்தான். மது காய்ச்சுகிறவள் கர்த்தருடைய பந்தியில் இருக்கலாமா என்று யாரோ ஒரு சகோதரி கேள்வி எழுப்பிவிட்டார். வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் பந்தியையும் கீபோர்ட்டையும் விட வேண்டும் என்று வரும் ஞாயிறு சபைக் கமிட்டி முடிவெடுக்கப்போகிறது.

"காய்ச்சிறேல்லை, புளிக்க வைக்கிறது" என்றாள் மலர், பாத்திரம் கழுவிக்கொண்டு.

"ரெண்டும் ஒண்டுதான்" என்றான் சீலன். "வேதத்தில இருக்கிறது புளிக்காத ரசம் எண்டு நீங்கள் ஒருக்கா கிரேக்கத்தில சொன்னால் அவள் கேப்பாள். நான் சொன்னால் சிரிக்கிறாள்."

சாப்பாடு நன்றாக இருந்தது. படுக்கைக்கு வாத்திறகு மெத்தை போட்டிருந்தார்கள். பார்ப்போம் என்று சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, தனியே ஹலாவுக்குப் புறப்பட்டேன். சீலனுக்குக் களஞ்சியத்தில் வேலை. சூரிச்சில் மாறு, ஷாஃப்ஹவுசனில் மாறு, பிறகு நாலைந்து தரிப்பிடம் என்று சொல்லிச் சொல்லி அனுப்பினான். ஷாஃப்ஹவுசனில் ஏறியதும் இருபக்கமும் திராட்சைத் தோட்டங்கள், ஒக்டோபர் மஞ்சளில். ஒவ்வொரு கொடியும் பாடசாலைப் பிள்ளைகள்போல வரிசையில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு இறங்க மறந்துவிட்டேன். அடுத்த நிலையத்தில் இறங்கிப் பலகையைப் பார்த்தால் எழுத்து வேறு விதமாக இருந்தது. பக்கத்தில் நாயோடு நின்ற அம்மாளிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "இது ஜெர்மனி" என்றார், இது பேக்கரி என்பதுபோல.

எனக்கு வியர்த்துவிட்டது. இந்த எல்லையை ஒருதரம் தாண்டுவதற்கு எங்கள் பெடியள் வீட்டை ஈடு வைத்தார்கள், லொறிக்குள் மூச்சடக்கிக் கிடந்தார்கள். சீலனே அப்படித்தான் வந்தான். நான் கொடியைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன். பொலிஸ் இல்லை, வேலி இல்லை. நாய் மட்டும் என்னை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

எஸ்தருக்குத் தொலைபேசினேன். காரில் வந்தாள். இரப்பர் சப்பாத்து, கையெல்லாம் ஊதா நிறம்.

"தாத்தா, என்னைத் திருத்த வந்து நாட்டையே விட்டுட்டீங்கள்."

"ஆர் சொன்னது திருத்த வந்தன் எண்டு?"

"அப்பாவின்ர முகம் சொன்னது. பெல்ட்டைப் போடுங்கோ, ஜெர்மன்காரன் பிடிப்பான்."

நிலவறைக்குள் ஆள் உயரத் தொட்டிகள். ஒன்றின் மூடியைத் திறந்து காதை வைக்கச் சொன்னாள். உள்ளே கொளுத்தும் வெயிலில் ஈக்கூட்டம் இரைவதுபோல ஒரு சத்தம். "ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்ல. தோலிலயே ஈஸ்ட் இருக்கு. நசிச்சு விட்டாக் காணும், அது தன்ர பாட்டில துவங்கும். நிப்பாட்டுறதுதான் கஷ்டம்."

"எங்கட கருப்பணி மாதிரி" என்றேன்.

அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. பனையில் கட்டும் முட்டிக்கு உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிப்பான கருப்பணி, பூசாவிட்டால் மத்தியானத்துக்குள் கள் என்று விளக்கினேன். கண் விரிந்தது அவளுக்கு. "சுண்ணாம்போ! அப்ப ஈஸ்ட் வேலை செய்யேலாது! அட, எங்கட ஆக்கள் கெட்டிக்காரர். பிறகேன் சபையில ஒருத்தருக்கும் இது விளங்கேல்ல? எல்லாரும் பனைக்குக் கீழ வளர்ந்த ஆக்கள்தானே?"

நல்ல கேள்வி. சபையில் நரைத்த தலை உள்ள யாரைக் கேட்டாலும் கள் எப்படி ஆகிறது என்று சொல்வார்கள். ஆனால் பலஸ்தீனாவில் மட்டும் சாறு புளிக்காது என்று நம்புகிறார்கள். அந்தக் காலத்தில் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கியதுண்டு, சாடியை அடைத்துக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி இனிப்பைக் காத்ததும் உண்டு. ஆனால் அறுவடை ஆவணி புரட்டாசியில், கர்த்தர் கடைசிப் பந்தி வைத்த பஸ்கா பங்குனியில். இடையில் ஆறு மாதம். சாதாரண மனிதன் மேசைக்கு வந்தது மதுதான், தண்ணீர் கலந்த மது. கலக்காமல் குடிப்பவனைக் காட்டான் என்றார்கள். கொரிந்து சபையில் சிலர் பந்தியிலேயே வெறித்துப்போய் இருந்தார்கள் என்று பவுல் ஏசியிருக்கிறார். சாறு குடித்தா வெறித்தார்கள்?

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். உற்சாகம் வந்துவிட்டது. குடிக்காதவர்களும் அப்போது இருந்தார்கள் என்றேன். கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் வைத்த கூட்டம், கொடியே சாத்தானுக்குப் பிறந்தது என்று சொன்ன கூட்டம். சபை அவர்களைத்தான் கள்ளப் போதகம் என்று வெளியே தள்ளியது.

"இப்ப உள்ளுக்க இருக்கிறது அவை, வெளிய தள்ளப்படுறது நான்" என்று சிரித்தாள்.

ஒரு கண்ணாடியில் கலங்கலாக எதையோ ஊற்றித் தந்தாள். பாதி சாறு, பாதி மது. சூசர் என்பார்களாம் இங்கே. இலையுதிர் காலத்தில் கடையெல்லாம் இதுதான். இனிப்பு. நாக்கு நுனியில் ஊசி குத்துவதுபோல ஒரு சுணைப்பு. போத்தலைக் காட்டினாள். மூடியில் ஓர் ஓட்டை. "காத்து வெளிய போகோணும். அடைச்சா வெடிக்கும். பழைய தோற்பைக்குள்ள புது ரசத்தை ஊத்தாதேங்கோ எண்டு இயேசு சொன்னது இதைத்தானே? புளிக்காத சாறு பையைக் கிழிக்குமோ, தாத்தா?"

கிழிக்காது என்றேன். படிப்பித்த காலம் முழுவதும் இந்த உதாரணம் எனக்குத் தோன்றவேயில்லை என்பதைச் சொல்லவில்லை.

பிறகுதான் அவள் முகம் மாறியது. "எனக்குச் சண்டை பிடிக்க விருப்பமில்லை. வேலையையும் விடமாட்டன். ஆனா அந்தப் பந்தியில இருக்க வேணும், கீபோர்ட் வாசிக்க வேணும். வேலையில ஜெர்மன், சிநேகிதரோட ஜெர்மன், கனவிலயும் ஜெர்மன். ஞாயிற்றுக்கிழமை அங்க மட்டும்தான் நான் தமிழில பாடுறனான். கமிட்டி உங்கட வாயைத்தான் பாக்கும். இப்ப எனக்குச் சொன்னதை அங்க சொல்லுவீங்களோ?"

"ஓம். சொல்லுவன்" என்றேன். சூசர் கொடுத்த தைரியம் என்று பழி போடலாம். ஆனால் நான் உண்மையாகவே சொன்னேன்.

சனி மாலை போதகர் சாப்பிட வந்தார். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, ஞாயிறில் போதகம். அன்பான மனிதர். வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல என்னைச் 'சேர்', 'சேர்' என்று கூப்பிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்குப் பிடித்தது ஃபொண்டு. பாலாடைக்கட்டியை உருக்கி, பாண்துண்டைக் கம்பியில் குத்தித் தோய்த்துச் சாப்பிடுவது. அதில் வெள்ளை வைன் ஒரு போத்தல் போகும். மலர் ஊற்றுவதை நான் பார்த்தேன்.

"அது கொதிக்கப் போயிடும், மாமா" என்றாள் அவசரமாக.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று போதகர் நாலாவது துண்டைத் தோய்த்தார்.

எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவர் முந்திவிட்டார். "சேர், எங்கட யோகனைத் தெரியுமோ? குடியில வீடு, மனுசி, லைசன்ஸ் எல்லாம் போனது. சபைதான் தூக்கி எடுத்தது. கன வருஷமாத் தொடுறேல்ல. அவரை மாதிரி ஆக்களுக்கு ஒரு சின்ன ஓட்டை கிடைச்சாக் காணும். இயேசுவும் குடிச்சவர்தானே எண்டு துவங்கிவிடுவினம். நாளைக்கு நீங்கள் கவனமாக் கதைக்க வேணும்."

இதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை விழுத்தியது. "அடுத்த வருஷம் கிறிஸ்மஸ் கன்வென்ஷனுக்கும் சேர்தான் எண்டு நாங்கள் யோசிச்சிருக்கிறம்." அடுத்த வருடமும் இந்த மெத்தை, இந்த ரயில். பாண்துண்டைத் தோய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஒரு சுவிஸ் சபையின் நிலக்கீழ் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சேலைகள், மல்லிகை மணம் வீசும் தலை எண்ணெய், பின்னால் குழந்தை வண்டிகள். எஸ்தர் கீபோர்டில். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முதல் வரிசையில் ஒரு தடித்த மனிதர் உரத்த குரலில் பாடிக்கொண்டிருந்தார். யோகன் என்று சீலன் சொன்னான்.

நான் எழுந்து பேசினேன். மதுவினால் அழிந்த குடும்பங்களைப் பற்றிப் பேசினேன். யோவான்ஸ்நானன் குடிக்கவில்லை என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அது எவ்வளவு இதமான காட்சி என்பது மேடையில் நின்றவனுக்குத்தான் தெரியும். பிறகு கானாவூருக்கு வந்தேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள்.

"கிரேக்கத்தில் இந்தச் சொல் ஒயினோஸ்" என்றேன். அங்கே நிறுத்தி, அடுத்து மது என்ற இரண்டெழுத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "அதைத் தமிழில் நம் முன்னோர் ரசம் என்றார்கள். ஆவியானவர் நம் மொழிக்குக் கொடுத்த சொல் அது. ஆகவே பிரியமானவர்களே, நமக்கு ரசம் ரசமே."

"அல்லேலூயா!" என்றது சபை.

அந்த நேரம் பின்னால் சமையலறையில் 'டமார்' என்று ஒரு சத்தம். முன்னால் இருந்த ஓர் ஆச்சி இரண்டு கையையும் உயர்த்தி "ஸ்தோத்திரம்!" என்றார். நான் சொன்னதற்கு வானத்திலிருந்து ஒப்புதல் வந்ததாக நினைத்தாரோ என்னவோ. மலர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஈரச் சேலையோடு வந்தாள். பந்திக்கு வைத்த சாறுப் போத்தல் ஒன்று உடைந்துபோச்சு, மிச்சம் இருக்கு என்றாள். எஸ்தர் தலையைக் குனிந்து கீபோர்டின் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தி தொடங்கியது. சின்னச் சின்னக் கிண்ணங்கள் உள்ள தட்டு வந்தது. விருந்தாளி என்று எனக்கு முதலில் கொடுத்தார்கள். வாயில் வைத்தேன். நாக்கு நுனியில் ஊசி குத்தியது. சூசர்.

அறிந்துகொண்டேன். அந்த மண்டபத்தில் முதலில் அறிந்தவன் நான். தட்டு எனக்கு அடுத்துச் சீலனிடம் போனது, பிறகு ஆச்சியிடம், பிறகு யோகனிடம் போகப்போகிறது. வாயைத் திறந்து நிறுத்துங்கோ என்று சொல்ல எனக்குப் போதிய நேரம் இருந்தது. சற்றுமுன் ரசம் ரசமே என்று முழங்கியவன் இப்போது இது மது என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோகனைப் பற்றி யோசிக்கவில்லை. விழுங்கிவிட்டு, கண்ணை மூடி, ஜெபிக்கிறவன்போல இருந்தேன்.

பாட்டு பாதியில் நின்றது. கண்ணைத் திறந்தேன். தட்டு தன்னைத் தாண்டிப்போனபோது எஸ்தருக்கு மணந்திருக்கிறது. அவள் எழுந்து வந்து யோகனின் கிண்ணத்தின்மேல் கையை வைத்துப் பொத்தினாள்.

"யோகன் மாமா, குடியாதேங்கோ. இது சூசர். சாறில்லை."

"எஸ்தர், என்ன பிள்ளை இது? போய் இரு" என்றார் போதகர். "பந்தியில கை வைக்கிறதோ!" என்றது பின்வரிசைப் பெண்குரல் ஒன்று. "வைன்காரிக்கு எல்லாமே வைன்தான்."

போதகர் என் பக்கம் திரும்பினார். "சேர்தானே முதல் எடுத்தனீங்கள். சேர் சொல்லுங்கோ, இது என்ன?"

"கொஞ்சம்... புளிப்புத் தட்டின மாதிரி" என்றேன். கிரேக்கம் படித்த வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

யோகன் கிண்ணத்தை மூக்குக்குக் கீழே பிடித்தார். ஒருமுறை இழுத்தார். பெரிய குரலில் சிரித்தார். "குடிக்கிறதை விட்டனான், மூக்கை விடேல்ல. பிள்ளை சொல்றது சரி, பாஸ்டர். நல்ல சாமான்." கிண்ணத்தைத் தரையில் வைத்தார். எஸ்தரின் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சேர், உங்களுக்குத் தெரிஞ்சதோ?"

என் காலிக் கிண்ணத்தை நாற்காலிக்குக் கீழே வைத்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை.

உண்மை வெளியே வர அதிக நேரம் எடுக்கவில்லை. வழக்கமாகச் சாறு வாங்குவது மலர். இந்த முறை சீலன் வேலை முடிந்து வரும் வழியில், ஒரு தோட்டக்காரரின் சாலையோரக் கடைத் தட்டில், திராட்சைப் படம் போட்ட போத்தலைக் கண்டிருக்கிறான். "மூடியில ஓட்டை இருந்துது. பழுதான சாமான் எண்டு டேப் போட்டு ஒட்டினனான்" என்றான் பரிதாபமாக. எஸ்தர் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

போன ஒக்டோபரிலும் ஒருமுறை சீலன்தான் வாங்கியிருக்கிறான். அந்த மாதம் ரசம் விசேஷம் என்று பலர் சொன்னதை ஆச்சி ஞாபகப்படுத்தினார். அவர் தன் கிண்ணத்தை ஏற்கெனவே காலிசெய்திருந்தார்.

ஆராதனை முடிந்து, ரோல்ஸும் தேநீரும் வைத்துக்கொண்டு கமிட்டி கூடியது. இவ்வளவுக்குப் பிறகு எஸ்தருக்கு நன்றி சொல்வார்கள் என்று நான் நம்பினேன். நான்கு பேர் இருந்தார்கள். வாசனையிலேயே கண்டுபிடிக்கிற அளவுக்கு ஒரு பிள்ளை மதுவில் தேர்ந்துவிட்டது என்பது அவர்களை யோசிக்க வைத்திருந்தது. பந்தியின் நடுவில் எழுந்ததும் ஒழுங்கல்ல. வேலையை விடும்வரை பந்தியும் வேண்டாம், கீபோர்ட்டும் வேண்டாம். சீலன் அழுதான். ஆனால் கையை உயர்த்தினான்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. எழுந்து நின்று, கானாவூரில் இருந்தது மது என்றேன். கர்த்தர் கிண்ணத்தில் எடுத்தது மது என்றேன். காலையில் நான் சொன்னது பொய், கிண்ணத்தில் இருந்தது என்னவென்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்றேன். எஸ்தர் மட்டும்தான் இன்றைக்குக் குடிக்காதவனைக் காப்பாற்றினாள் என்றேன்.

போதகர் தாழ்மையாகச் சொன்னார். "சேர், நானும் படிச்சனான். எனக்கும் தெரியும். ஆனா இது இண்டைக்கு ட்ரக்டாண்டுமில இல்லை." கூட்ட நிரலில் உள்ள விடயத்தை இந்த நாட்டில் அப்படிச் சொல்வார்களாம். வந்து எத்தனையோ வருடத்தில் சுவிஸ்காரரிடம் எங்கள் ஆட்கள் முழுதாகக் கற்றுக்கொண்டது அதுதான். "அதைவிட, காலையில சொன்னது வீடியோவில ஏறிட்டுது. கன பேர் பாத்திட்டினம்."

எஸ்தர் கீபோர்டின் வயரைச் சுருட்டி, உறையைப் போட்டு மூடி, மண்டபச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவளுக்காகப் பேசுவதாக வாக்குக் கொடுத்தவன் நான். அவளுடைய இடத்தைப் பறித்தவனும் நான்தான். யோகன் ரோல்ஸ் தட்டை வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் ஸ்டேஷன்வரை நடந்துபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

அந்த வாரம் முழுவதும் மலர் எனக்கு ஒழுங்காகச் சாப்பாடு போட்டாள், கதைக்கவில்லை. சனிக்கிழமை எஸ்தருக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

"நாளைக்கு இங்க வாங்கோ. இறங்குற இடத்தில இறங்குங்கோ" என்றாள்.

இறங்கினேன். ஹலாவில் கொடிகளுக்கு நடுவே மேட்டில் ஒரு கோவில். ஊரே வைன் செய்கிற ஊர். போதகர் ஒரு பெண். உள்ளே நுழைந்ததும் எஸ்தரிடம் இந்த வருடத்துப் பழத்தின் இனிப்பைப் பற்றி விசாரித்தார். அன்றைக்குப் பந்தி இருந்தது. பெரிய கிண்ணத்தை திராட்சை விவசாயிகளும் கிழவிகளும் கைமாற்றிக் குடித்தார்கள். எனக்கு வந்தது. பழக்கதோஷத்தில் நாக்கு நுனியால் சோதித்தேன். ஊசி குத்தவில்லை. சுத்தமான சாறு.

முடிந்ததும் அதைப்பற்றிக் கேட்டேன். எஸ்தர் ஜெர்மனில் கேட்டு, பதிலைத் தமிழாக்கினாள். "குடியை விட்ட ஆக்களும் வருவினம், பிள்ளையளும் வருவினம். அதால சாறு வைக்கிறமாம்." அப்படியானால் இயேசு குடித்தது... என்று இழுத்தேன். இயேசு என்ற பெயரைக் கேட்டதுமே போதகர் அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் சிரித்தார். "அவர் குடிச்சது வைன்தானே, அதில என்ன சந்தேகம் எண்டு கேக்கிறா" என்றாள் எஸ்தர்.

வைன் வேறு, சாறு வேறு. இருப்பதை இருப்பதாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவனுக்காகச் சாறு வைக்கிறார்கள். இதற்குக் கிரேக்கம் தேவைப்படவில்லை. ஒருவரையும் எழுப்பி வெளியே அனுப்பவும் தேவைப்படவில்லை. எங்களுக்கு இரண்டும் தேவைப்பட்டன.

கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். ஜெர்மன் பாட்டு. மெட்டு மட்டும் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் அதே மெட்டுக்குத் தமிழில் ஒரு பாட்டு உண்டு. பக்கத்தில் எஸ்தர் புத்தகத்தைத் திறக்கவில்லை. சுற்றியுள்ளவர்கள் ஜெர்மனில் பாட, அவள் வாய்க்குள் தமிழில் பாடிக்கொண்டிருந்தாள். முதலாம் சரணம் முடிந்ததும் நின்றுவிட்டாள்.

"ரெண்டாவது வரேல்ல, தாத்தா" என்று முணுமுணுத்தாள். "அங்க சபையில திரையில போடுவினம். அடி எடுத்துக் குடுங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். முன்வரிசையில் ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கொடுத்தேன்.